போர்ட்டல் திடீரென்று பாஸ்வேர்டு கேட்டால்: அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் வழிமுறை

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடலூர் சிப்காட் ஆலையிலிருந்து போன். “சார், போர்ட்டல் பாஸ்வேர்டு கேக்குது. போட்டா மறுபடியும் கேக்குது. ஞாபகத்துல இருந்ததெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். இப்ப கம்ப்யூட்டரையே தொறக்க முடியல, அக்கவுன்ட் லாக் ஆயிடுச்சுன்னு வருது.”

புதுச்சேரியில் தலைமை அலுவலகமும் கடலூரில் ஆலையுமாக இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விடுப்பு, சம்பளச் சீட்டு, ஓவர்டைம், பயணப்படி எல்லாம் ஒரே வெப் போர்ட்டலில்தான். காலையில் விண்டோஸில் நுழைந்த அடையாளத்தை வைத்தே அது ஆளை உள்ளே விட்டுவிடும். பெயரோ பாஸ்வேர்டோ தனியாகக் கேட்காது. கேட்கிறது என்றால் நடுவில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. அது காட்டும் பெட்டியில் பாஸ்வேர்டைத் தட்டி அறுந்ததை ஒட்ட முடியாது. பலமுறை தப்பாகத் தட்டினால் கணக்குதான் பூட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. எந்தப் பெட்டி வந்தாலும் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பழகிய கை, ஏமாற்றுக்காரன் விரித்த பெட்டியிலும் அதையேதான் கொடுக்கும்.

அதனால் எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது: பெட்டி வந்தால் எதையும் தட்ட வேண்டாம். ரத்து பொத்தானை அழுத்துங்கள், திரையில் வருவதைப் படம் எடுங்கள், போன் செய்யுங்கள். அடுத்த வேலை என்னைப் போன்றவர்களுடையது. கீழே இருப்பது அப்படிப்பட்டவர்களுக்கு.

உள்ளே நடப்பது

அரசு மருத்துவமனையில் காலையில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்குகிறோம். பெயர், வயது, ஊர் எல்லாம் அங்கே ஒருமுறைதான். அப்புறம் எக்ஸ்ரே அறை, ரத்தப் பரிசோதனை, மருந்து கவுன்டர் எங்கே போனாலும் சீட்டை நீட்டினால் போதும். போர்ட்டல் ஆளை அடையாளம் காணும் முறையான கெர்பரோஸ் வேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். காலையில் விண்டோஸில் பாஸ்வேர்டு போடும்போது நிறுவனத்தின் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் ஒரு முதல் டிக்கெட் தருகிறது. போர்ட்டலைத் திறந்ததும் போர்ட்டல் சர்வர் 401 (நீங்கள் யாரென்று தெரியவில்லை) என்று பதில் சொல்லி, “நெகோஷியேட்” முறையில் அடையாளம் காட்டச் சொல்கிறது. பிரவுசர் முதல் டிக்கெட்டைக் காட்டி, அந்தப் போர்ட்டலுக்கென்று இரண்டாவது டிக்கெட் ஒன்றை வாங்கி நீட்டுகிறது. பாஸ்வேர்டு போர்ட்டலுக்குப் போவதே இல்லை.

1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த முறை இது. இப்போது புழங்கும் ஐந்தாம் பதிப்பு 1993இல் இணையத் தரமாக வெளியாகி, 2005இல் திருத்தி எழுதப்பட்டது. வெப் பக்கங்களுக்கு இதைப் பயன்படுத்தும் விதம் 2006இல் ஆவணமானது. டிக்கெட்டுக்கு ஆயுள் உண்டு: டொமைன் கன்ட்ரோலரில் இருக்கும் கணக்குப் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பு அமைப்பில் 10 மணி நேரம், புதுப்பித்துக்கொண்டே போனால் 7 நாள். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோளாறு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது ஒருவருக்கா எல்லோருக்குமா என்பதுதான். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கணினியைப் பாருங்கள். எல்லோருக்கும் என்றால் யாருடைய கணினியையும் தொடாதீர்கள், சர்வர் பக்கம் போங்கள். கட்டளைகளை, போனில் சொல்லும்போது உச்சரிப்பதைப் போலவே எழுதியிருக்கிறேன்.

அறிகுறி: ஒருவருக்கு மட்டும் பெட்டி வருகிறது, பக்கத்து மேசையில் வரவில்லை

முகவரிக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த ஐ.பி. எண்ணைப் புக்மார்க் செய்து வைத்திருப்பார்கள். டிக்கெட் தரப்படுவது பெயருக்கு. எண்ணைத் தட்டினால், அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்திருந்தாலொழிய கெர்பரோஸ் வராது. விண்டோஸின் பழைய அடையாள முறையான என்.டி.எல்.எம்.க்கு இறங்கும், அல்லது பெட்டி வரும்.

பெயர் சரியாக இருந்தால், விண்டோஸ் அந்தத் தளத்தை உள் தளமாக வைத்திருக்கிறதா வெளித் தளமாகவா என்று, அதாவது அதன் மண்டலத்தைப் பாருங்கள். எட்ஜும் குரோமும் விண்டோஸின் இன்டர்நெட் ஆப்ஷன்ஸைத்தான் நம்புகின்றன. புள்ளி வைத்த முழுப் பெயர் என்றால், அதை “லோக்கல் இன்ட்ராநெட்” பட்டியலில் சேர்க்காதவரை வெளியுலகத் தளம் என்றே எடுத்துக்கொள்ளும். வெளியுலகத் தளத்துக்கு அடையாளத்தைத் தானாகக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. டொமைன் கன்ட்ரோலரிலிருந்து அமைப்புகளை மொத்தமாக அனுப்பும் குரூப் பாலிசி மூலம் எல்லாக் கணினிகளுக்கும் இதைச் சேர்த்துவிடுவதுதான் முறை. ஒரு கணினியில் மட்டும் அது விழவில்லை என்றால், அந்தக் கணினி டொமைனோடு பேசியே நாளாகியிருக்கும். ஃபயர்பாக்ஸ் இந்த மண்டலத்தைப் பார்ப்பதில்லை. அதன் அமைப்புப் பக்கத்தில் “நெகோஷியேட் ஆத், டிரஸ்டட் யூ.ஆர்.ஐ.ஸ்” என்று முடியும் வரியில் போர்ட்டல் பெயரை எழுத வேண்டும்.

பலர் மணிக்கணக்கில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இன்காக்னிட்டோ ஜன்னல். “சுத்தமாத் தொறந்து பாப்போம்” என்று அதில் சோதிப்பார்கள். குரோம் 81ஆம் பதிப்பிலிருந்து அந்த ஜன்னலில் விண்டோஸ் அடையாளத்தைத் தானாக அனுப்புவதை நிறுத்திவிட்டது. அங்கே பெட்டி வருவது கோளாறே இல்லை. சோதனையைச் சாதாரண ஜன்னலில் செய்யுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து “கே-லிஸ்ட்” என்று தட்டச் சொல்லுங்கள். பட்டியலில் “கே.ஆர்.பி.டி.ஜி.டி.” என்று தொடங்கும் வரி இருக்கிறதா? அதுதான் முதல் டிக்கெட். அது இல்லையென்றால் போர்ட்டலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அது இல்லாமல் போகும் வழக்கமான கதை மடிக்கணினிக் கதை. எங்கள் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் வில்லியனூரில் வீட்டிலிருந்து வேலை செய்தார். வீட்டு வைஃபையில் விண்டோஸ் திறந்தது, அலுவலக வலையோடு இணைக்கும் வி.பி.என். போட்டார், போர்ட்டல் பெட்டி காட்டியது. “பாஸ்வேர்டு சரியாத்தான இருக்கு தம்பி, கம்ப்யூட்டர் தொறக்குதே” என்றார். திறந்தது உண்மைதான். ஆனால் அது கணினிக்குள் சேமித்து வைத்திருந்த பழைய நினைவை வைத்துத் திறந்தது. டொமைன் கன்ட்ரோலரை அப்போது அது பார்க்கவே இல்லை. சீட்டு தர ஆள் இல்லாமல் சீட்டு எப்படி வரும்? வி.பி.என். இணைந்தபின் விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டி, மறுபடி பாஸ்வேர்டு போட்டுத் திறக்கச் சொன்னேன். இந்தத் தடவை டொமைன் கன்ட்ரோலர் எட்டும் தூரத்தில் இருந்தது. டிக்கெட் வந்தது, போர்ட்டலும் திறந்தது. வி.பி.என். வழியே 88ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கெர்பரோஸ் பேசுவது அதில்தான்.

அறிகுறி: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பெட்டி

முதலில் கடிகாரம். டிக்கெட்டோடு பிரவுசர் அனுப்பும் நேரமும் சர்வரின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் ஏற்காது. யாரோ பழைய செய்தியைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்கான காவல் அது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் போய், யு.பி.எஸ். இறங்கி, எங்கள் சர்வர் அறை முழுக்க அணைந்தது. மின்சாரம் வந்து எல்லாவற்றையும் ஏற்றியபோது போர்ட்டல் திறந்தது, ஆனால் எல்லோருக்கும் பெட்டி. போர்ட்டல் ஓடுவது லினக்ஸ் சர்வரில். அதன் நேரத்தைப் பார்த்தேன், காலை 10:15. என் கையிலும் 10:15. கடிகாரம் சரி என்று முடிவுகட்டி வேறெங்கோ தேடப் போய்விட்டேன். அரைநாள் போயிற்று.

சர்வரின் பதிவுக் கோப்பான லாக்கில் “கிளாக் ஸ்க்யூ டூ கிரேட்” (கடிகார விலகல் அதிகம்) என்று தெளிவாக இருந்தது. அதை நம்பி “டைம்-டேட்-சி.டி.எல்.” கட்டளையைத் தட்டிய பிறகுதான் விளங்கியது. சர்வரின் நேர மண்டலம், உலகப் பொது நேரமான யு.டி.சி. என்று இருந்தது. தாய்ப்பலகை பேட்டரி செத்துக் கடிகாரம் தப்பாக எழுந்திருக்க, உதவிக்கு வந்த தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்து 10:15 என்று வைத்துவிட்டார். யு.டி.சி. 10:15 என்றால் நமக்கு மாலை 3:45. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. கெர்பரோஸ் சுவர்க்கடிகார நேரத்தைப் பார்ப்பதில்லை, யு.டி.சி. கணக்கைத்தான் பார்க்கிறது. ஆகவே நேரத்தைப் பார்க்கும்போது மண்டலத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த சர்வர் வெளியுலக நேர சர்வரை நம்பி இருந்தது. ஃபைபர் அறுந்து இணையம் இல்லாததால் தானாகத் திருத்திக்கொள்ள வழியில்லை. இப்போது நேரத்தைச் சரிசெய்யும் “குரோனி” மென்பொருளின் அமைப்பில் எங்கள் டொமைன் கன்ட்ரோலரையே நேர மூலமாகக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தால் இணையம் அறுந்தாலும் அவற்றுக்குள் விலகல் வராது. புயலும் மின்வெட்டும் வருஷா வருஷம் வரும் கடலோரத்தில் இருக்கிறோம். இதை மழைக்காலத்துக்கு முன்னால் செய்துவைக்க வேண்டும்.

கடிகாரம் சரி என்றால் சாவிக் கோப்பு. லினக்ஸ், ஜாவா பக்கம் ஓடும் போர்ட்டல்கள், வரும் டிக்கெட்டை அவிழ்க்க “கீடேப்” என்ற கோப்பை வைத்திருக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் போர்ட்டலுக்காக வைத்திருக்கும் சேவைக் கணக்கின் பாஸ்வேர்டிலிருந்து பிறந்த சாவி அதில் இருக்கிறது. அங்கே பாஸ்வேர்டு மாறினால் இந்தச் சாவி செல்லாது. அதை மாற்றுகிறவர் பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் மாற்றுவார், தணிக்கையில் “பழைய பாஸ்வேர்டு” என்று வந்திருக்கும். “கே.டி.பாஸ்” கட்டளையைச் சோதனைக்காக இன்னொருமுறை ஓட்டினாலும் இதேதான். அது கணக்கின் பாஸ்வேர்டைத் திரும்ப வைத்து, சாவியின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிடும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு தனி நடை உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் சட்டென்று பிடித்துவிடலாம். மாற்றிய உடனே எதுவும் உடையாது. ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் கையில் இருப்பது பழைய சாவியால் பூட்டிய டிக்கெட். சர்வரிடம் இருப்பதும் பழைய சாவி. அந்த 10 மணி நேர ஆயுள் முடியும்வரை, அதாவது அன்று சாயங்காலம்வரை அவர்களுக்கு ஓடும். மறுநாள் காலை எல்லோரும் புதிய டிக்கெட்டோடு வரும்போது மொத்தமாக நிற்கும். “இன்னிக்கு யாரும் எதுவும் தொடலயே” என்பார்கள். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

புதிய கீடேப் போட்டபின் இதே நடை தலைகீழாக வரும். பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் பெட்டி தொடரும். அவர்கள் கையில் இருப்பது பழைய டிக்கெட். “கே-லிஸ்ட் பர்ஜ்” என்று தட்டினால் பழையது அழியும், அல்லது லாக்-ஆஃப் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். பழைய சாவியையும் புதிய சாவியையும் ஒரே கீடேப்பில் சேர்த்து ஒருநாள் வைத்திருந்தால் இந்தச் சிரமமும் இல்லை. லினக்ஸ் பக்கம் “கே-லிஸ்ட் மைனஸ் கே” என்று தட்டினால் கோப்பில் எந்தப் பதிப்பு எண் இருக்கிறது என்று காட்டும். டைரக்டரியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். எண் சரியாக இருந்தும் அவிழவில்லை என்றால் குறியாக்க வகையைப் பாருங்கள். டொமைன் ஏ.இ.எஸ். 256இல் டிக்கெட் தர, பழைய கீடேப்பில் ஆர்.சி.4 சாவி மட்டும் இருக்கலாம்.

அறிகுறி: போர்ட்டலுக்குப் புதுப் பெயர் வைத்தோம், அன்றிலிருந்து பெட்டி

டிக்கெட் பெயருக்கு என்றேன். அந்தப் பெயர் டைரக்டரியில் ஏதாவது ஒரு கணக்கின் மேல் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பெயர் எஸ்.பி.என். புதுப் பெயர் வைத்தால் புதுப் பதிவும் வேண்டும். “செட்-எஸ்.பி.என். மைனஸ் கியூ” என்று தட்டி, எச்.டி.டி.பி., சாய்கோடு, போர்ட்டலின் முழுப் பெயர் கொடுத்துத் தேடுங்கள். போர்ட்டல் எச்.டி.டி.பி.எஸ்.இல் ஓடினாலும் பதிவில் எச்.டி.டி.பி. என்றுதான் இருக்க வேண்டும். கடைசியில் ஒரு எஸ் சேர்த்துவிட்டு நாள் முழுக்கத் தவிப்பவர்கள் உண்டு.

பதிவே இல்லையென்றால் “மைனஸ் எஸ்” போட்டுச் சேர்க்கலாம். வேறெங்காவது அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது சேர்க்கும். ஒரே பெயர் இரண்டு கணக்குகளில் இருந்தால் டொமைன் கன்ட்ரோலர் யாருடைய சாவியால் பூட்டுவது என்று தெரியாமல் டிக்கெட்டே தராது. “மைனஸ் எக்ஸ்” போட்டால் இரட்டைப் பதிவுகளைக் காட்டிக்கொடுக்கும். பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் இடங்களில், பழைய கணக்கின் மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும். பெயர் ஒரே இடத்தில் இருந்தும் அது தவறான கணக்கு என்றால், டிக்கெட் வரும், சர்வரால் அவிழ்க்க முடியாது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் “ஏ.பி. எர்ரர் மாடிஃபைட்” என்று வருவது பெரும்பாலும் இதுதான். யாரோ வழியில் மாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொரு கண்ணி, பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.இல். புதுப் பெயரை, பழைய சர்வர் பெயரைச் சுட்டும் சி-நேம் ஆக வைத்திருப்பார்கள். குரோமின் இயல்பு, அந்தச் சுட்டலைப் பின்தொடர்ந்து போய்க் கடைசியில் கிடைக்கும் பெயருக்கு டிக்கெட் கேட்பது. நீங்கள் பதிவு செய்தது ஒரு பெயர், பிரவுசர் கேட்பது இன்னொன்று. “கே-லிஸ்ட்” பட்டியலில் எந்தப் பெயருக்கு டிக்கெட் வந்திருக்கிறது என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். சி-நேமை எடுத்துவிட்டு ஐ.பி. எண்ணையே காட்டும் நேரடி ஏ-ரெக்கார்டு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பிரவுசர் பாலிசியை மாற்றியும் சரிசெய்யலாம்தான், ஆனால் மூன்று வருஷம் கழித்து அதை ஏன் மாற்றினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

டிக்கெட்தான் போகிறதா, என்.டி.எல்.எம்.ஆ என்று சந்தேகமா? பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, “ஆதரைசேஷன்” வரியில் “நெகோஷியேட்” என்பதற்குப் பிறகு வரும் எழுத்துகளைப் பாருங்கள். ஒய்.ஐ.ஐ. என்று தொடங்கினால் கெர்பரோஸ். டி.எல்.ஆர்.எம். என்று தொடங்கினால் என்.டி.எல்.எம்.

அறிகுறி: பெட்டி இல்லை, 400 பிழை, அதுவும் பழைய ஊழியர்களுக்கு மட்டும்

இருபது வருஷம் வேலை பார்த்த மேலாளருக்குத் திறக்காது, நேற்று சேர்ந்த பயிற்சியாளருக்குத் திறக்கும். காரணம், டிக்கெட்டுக்குள் அவர் இருக்கும் எல்லாக் குழுக்களின் அடையாளமும் ஏறிக்கொள்கிறது. துறை துறையாக மாறியவர் எந்தக் குழுவிலிருந்தும் நீக்கப்பட்டிருக்க மாட்டார். டிக்கெட் பருத்து, பிரவுசர் அதை அனுப்பும் தலைப்பு வரியின் எல்லையைத் தாண்டிவிடும். வெப் சர்வர் மென்பொருள்களில், அப்பாச்சியில் அந்த எல்லை இயல்பாக 8190 பைட், டாம்கேட்டில் தலைப்புகள் மொத்தத்துக்கும் 8192. இரண்டும் முன்னும் பின்னுமாக இருந்தால் இரண்டிலும் உயர்த்த வேண்டும். குழுக்களையும் களையெடுங்கள், எல்லையை உயர்த்துவது தற்காலிகம்தான்.

அறிகுறி: உள்ளே போகிறது, ஆனால் அறிக்கைகள் காலி

போர்ட்டலுக்கு நீங்கள் யாரென்று தெரிகிறது. அது உங்கள் பெயரில் பின்னால் இருக்கும் தரவுத்தள சர்வருக்குப் போகும்போது அனுமதி இல்லை. சேவைக் கணக்குக்கு, குறிப்பிட்ட அந்தத் தரவுத்தளத்துக்கு மட்டும் என்று வரம்பிட்ட டெலிகேஷன் (பயனர் பெயரில் வேறு சர்வருக்குப் போகும் அனுமதி) கொடுங்கள். எல்லாச் சேவைக்கும் என்ற தேர்வைத் தொடாதீர்கள். அந்த சர்வர் ஒருவன் கையில் சிக்கினால், அதில் நுழைந்த எல்லோருடைய அடையாளமும் அவன் கையில்.

அறிகுறி: போர்ட்டல் திறக்கிறது, வேறொருவர் பெயர் காட்டுகிறது

இதில் தொழில்நுட்பமாக எதுவும் உடைந்திருக்காது. ஆனாலும் இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

ஆலையில் ஷிப்ட் மேசைக்கு ஒரே கணினி. இரவு ஷிப்ட் அண்ணன் விண்டோஸில் நுழைந்து வேலை முடித்து, பூட்டாமல் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். காலை ஷிப்டில் வந்தவர் லீவு போடப் போர்ட்டலைத் திறப்பார். போர்ட்டல் விண்டோஸை நம்புகிறது, விண்டோஸோ இரவு ஆளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. திறப்பது அவருடைய பக்கம். ஒருமுறை ஒருவர் போட்ட லீவு இன்னொருவர் கணக்கில் விழுந்தது. இன்னொரு நாள் ஒருவருடைய சம்பளச் சீட்டில் இருந்த கடன் பிடித்தம் மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. அவர் என்னிடம் வந்து சத்தம் போடவில்லை. “சார், வீட்டுலகூட சொல்லாத விஷயம்” என்று மட்டும் சொன்னார். அன்றே கடலூருக்குப் போனேன்.

பொதுக் கணினிகளில் இந்த வசதி வேண்டாம் என்பது என் முடிவு. அவற்றைத் தனிக் குழுவாக்கி, அந்தக் குழுவுக்கான பாலிசியில் போர்ட்டலை இன்ட்ராநெட் பட்டியலிலிருந்து எடுத்தேன். பெட்டியும் வரக் கூடாது என்பதற்காக, அந்தக் கணினிகளின் முகவரி வரம்பிலிருந்து வரும் கோரிக்கைக்கு சர்வர் நெகோஷியேட் கேட்காமல், பெயர் எழுதும் சாதாரணப் பக்கத்தைக் காட்டும்படி அமைத்தேன். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் போர்ட்டல் அமர்வு முடியும், மூன்று நிமிடத்தில் திரை பூட்டும். அங்கே மட்டும் பாஸ்வேர்டு தட்டலாம் என்று மேசைக்கு மேலே, போர்ட்டலின் முழு முகவரியோடு தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.